ஞாயிற்றுக்கிழமை ரசிகர், திங்கட்கிழமை ஆசிரியர்

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டியை ஒட்டி இருக்கிறது வி.சாலை. தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு 2024 அக்டோபர் 27 அன்று அங்கேதான் நடந்தது. வேனிலும் பைக்கிலும் வந்து இறங்கிய கூட்டத்தில் எத்தனையோ பேர் கட்சி தொடங்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே விஜய் ரசிகர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது.

நம் பக்கத்துப் பள்ளிகளில் இன்று முப்பது வயதை ஒட்டியிருக்கும் ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். 2004-ல் 'கில்லி' வந்தபோது அவர்கள் நாலாவதோ ஐந்தாவதோ படித்த பிள்ளைகள். பி.எட். முடித்து, டெட் எழுதித் தேறி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தொடங்கிவிட்டதாலேயே அந்த ஆசையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியாது. "லீவு நாள்தானே, நம்ம ஊர்லதானே நடக்குது, ஒரு எட்டு போய்ட்டு வந்தா என்ன?" என்று அவர்களில் ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

விஜய் ரசிகருக்கு மட்டுமான கேள்வி இல்லை இது. கிரிக்கெட், இளையராஜா, கொரியப் பாட்டு, கூத்து, யூடியூப் என்று ஏதாவது ஒன்றில் மனசு வைத்திருக்கும் எல்லா ஆசிரியருக்கும் பொருந்தும். எது வரை சொந்த விஷயம், எங்கே வேலை குறுக்கே வருகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சுருக்கமான பதில்

ஒரு நடிகரையோ, பாடகரையோ, அணியையோ விரும்புவதை எந்த விதியும் தடுக்கவில்லை. முதல் நாள் முதல் காட்சி பார்க்கலாம். வீட்டுச் சுவரில் படம் ஒட்டலாம். அந்த ரசனை ஒரு அரசியல் கட்சியாக மாறும்போதும், அதிலிருந்து காசு வரத் தொடங்கும்போதும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதற்குள் இழுக்கப்படும்போதும்தான் சிக்கல் வருகிறது.

மன்றம் கட்சியாகும் நாள்

தமிழ்நாட்டில் இது அடிக்கடி நடப்பது. எம்.ஜி.ஆரை ரசிகர்கள் 'வாத்தியார்' என்றே கூப்பிட்டார்கள். 1972-ல் அவர் அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது அதற்கு அடித்தளமாக நின்றவை அவருடைய மன்றங்கள். நம் விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணி தொடங்கினார். விஜயகாந்த் 2005-ல் தே.மு.தி.க.வையும், கமல்ஹாசன் 2018-ல் மக்கள் நீதி மய்யத்தையும் தொடங்கினார்கள். விஜய் தன் கட்சியை அறிவித்தது 2024 பிப்ரவரி 2-ல். அஜித் நேர் எதிராக, 2011-லேயே தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டார்.

ஆசிரியருக்கு இந்தத் தேதிகள் முக்கியம். 2024 பிப்ரவரி 1 அன்று ஒருவர் கையில் இருந்தது விஜய் பெயரில் நற்பணி செய்யும் ஒரு அமைப்பின் அடையாள அட்டை. மறுநாள் அந்த அமைப்பு கட்சியாகிவிட்டது. ரத்ததான முகாமுக்கும் நோட்டுப் புத்தகம் கொடுக்கவும் கூடிய அதே நண்பர்கள் அன்று முதல் கட்சிக்காரர்கள். ஆசிரியர் இருந்த இடத்திலேயே இருக்க, அவர் காலடியில் கோடு நகர்ந்துவிட்டது. மார்ச் 8 அன்று கைப்பேசிச் செயலி மூலம் உறுப்பினர் சேர்க்கை தொடங்கியது. பேரும் வாக்காளர் அட்டை எண்ணும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆசையில் பதிந்த அரசு ஆசிரியர் யாராவது இருந்தால், அவர் சேர்ந்தது ரசிகர் மன்றத்தில் இல்லை, அரசியல் கட்சியில். விதி அதை அப்படித்தான் பார்க்கும். அப்படிப் பதிந்திருந்தால் விலகிக்கொள்ளுங்கள். விலகியதை எழுத்தில் தெரிவித்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த ஆசிரியர்?

எல்லா ஆசிரியருக்கும் ஒரே சட்டம் இல்லை. உங்கள் நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள்.

அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்குப் பொருந்தும். கட்சியில் உறுப்பினராகக் கூடாது, கட்சி வேலையில் பங்கெடுக்கக் கூடாது, தேர்தலில் யாருக்காகவும் ஓட்டு கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். மீறினால் என்ன வரும் என்பது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்: 17ஏ, 17பி. சின்னத் தண்டனைக்கு உரியது 17ஏ குற்றச்சாட்டு. 17பி பெரிய தண்டனைக்கு உரியது. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது.

உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்குத் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2018-ம் அதன்கீழ் வந்த விதிகளும் இருக்கின்றன. சுயநிதி மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நிர்வாகம் போட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம்தான் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் அப்படி வேலை பார்க்கும் இளம் ஆசிரியைகள் ஏராளம். கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதத்தை முழுதாகப் படியுங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஏன் இந்தத் தடை?

"கட்சிக்காரன் புள்ளைக்குப் பாடம் நடத்த மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்று ஆசிரியர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. வகுப்பறையை மட்டும் பார்த்தால் தடைக்கான காரணம் முழுதாகப் புரியாது. வாக்குச்சாவடிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவைதான் விதிவிலக்கு. விக்கிரவாண்டித் தொகுதிக்கே 2024 ஜூலை 10, புதன்கிழமை இடைத்தேர்தல் நடந்தது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியரின் நாள் எப்படிப் போகிறது என்று கிட்டத்தில் பாருங்கள்.

முந்தின நாளே வாக்குப்பதிவு இயந்திரத்தோடு போய்ச் சேர்ந்து, ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருப்பார். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 ஓட்டு பதிவாக வேண்டும். யாருக்கு எத்தனை என்று இயந்திரம் காட்டுவதையும், விழுந்த ஒப்புகைச் சீட்டுகளை எண்ணி வந்ததையும் ஒப்பிட்டுக் காட்டுவார். அதை அழித்து, இயந்திரம் காலியாக இருப்பதைக் காட்டி, முத்திரை வைத்து, முகவர்களிடம் கையெழுத்து வாங்குவார். ஒருவரை ஒருவர் நம்பாத கட்சிக்காரர்கள், நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆசிரியரை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்ற 17சி படிவத்தை அவர் கையால்தான் வாங்கிப் போகிறார்கள்.

அந்த முகவர்களில் ஒருவர், வாசலில் நிற்கும் வாத்தியாரின் பைக்கில் கட்சிக் கொடி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார் என்று வையுங்கள். வாத்தியார் ஒரு தவறும் செய்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த 17சி-யின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951 இதற்காகவே கடுமையாக இருக்கிறது. தேர்தல் பணியில் இருப்பவர் தன் ஓட்டைப் போடுவதைத் தவிர ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக எதையும் செய்யக் கூடாது; செய்தால் ஆறு மாதம் வரை சிறை. அரசு ஊழியர் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்தால் மூன்று மாதம் வரை சிறை. ஊர் முழுக்க நம்பும் கை ஆசிரியரின் கை என்பதால் வந்த தடை இது. இதில் அவமானம் எதுவும் இல்லை.

போய்ப் பார்ப்பதும் பங்கெடுப்பதும்

சரி, மாநாட்டை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தால்? ஞாயிறு என்பதால் விதி லீவு எடுக்காது. நடத்தை விதிகள் எல்லா நாளும் பொருந்தும். ஆனால் பார்வையாளராக நிற்பதும் பங்கெடுப்பதும் ஒன்றா என்ற கேள்வியை ஒரு நீதிமன்றம் நேராகவே எடுத்துப் பேசியிருக்கிறது.

திரிபுராவில் மீன்வளத்துறை ஊழியர் ஒருவர், ஓய்வுபெற ஒரு சில நாட்களே இருந்தபோது பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அரசியல் கூட்டத்துக்குப் போனார், ஃபேஸ்புக்கில் அரசியல் எழுதினார் என்பவை அவர் மேல் வந்த குற்றச்சாட்டுகள். 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. தேர்தல் காலத்தில் தலைவர் பேசுவதைக் கேட்க வரும் எல்லோரும் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார்கள், கூட்டத்தில் இருப்பது வேறு, அதில் பங்கெடுப்பது வேறு என்றது. அரசு ஊழியர் என்பதால் பேச்சுரிமை பறிபோய்விடாது என்றும் சொன்னது. இதற்கு வெகு காலம் முன்பே, 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அரசு வேலையில் சேர்ந்ததால் அடிப்படை உரிமைகள் இல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தைரியமாகக் கிளம்பிவிட வேண்டாம். திரிபுராத் தீர்ப்பு நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்குத்தான் உதவும். முதலில் வருவது மெமோ. நியாயம் வருவது பல மாதம் கழித்து. தோளில் துண்டோடு எடுத்த ஒரு செல்ஃபி, 'பார்வையாளராகத்தான் நின்றேன்' என்ற பேச்சையே உடைத்துவிடும். என்னைக் கேட்டால், கட்சி மாநாடு என்று பெயர் வைத்த எதற்கும் அரசு ஆசிரியர் நேரில் போகாமல் இருப்பதே நல்லது. பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் வீட்டு டி.வி.யில் கேட்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது.

டி.பி., ஸ்டேட்டஸ், ஸ்டிக்கர்

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-ல் ஒரு விளக்கம் இருக்கிறது: உடம்பிலோ, வண்டியிலோ, வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டுவதே தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்துவதாகும். நம் மாநில ஆசிரியரும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு வண்டி, வீடு என்பதோடு வாட்ஸ்அப் டி.பி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடிகரின் சினிமாப் படம் டி.பி.யாக இருப்பது ரசனை. கட்சிக் கொடியோ தேர்தல் முழக்கமோ இருந்தால் அது பிரசாரம். ஒரே நடிகரே தலைவராகவும் இருக்கும்போது இரண்டுக்கும் இடையில் முடி அளவு இடைவெளிதான். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

பெற்றோர், மாணவர் இருக்கும் வகுப்புக் குழுவுக்கு வேறு எண்ணை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வீட்டுப்பாடம் அனுப்பும் எண்ணில் உங்கள் குடும்பப் படமும், பிறந்தநாள் கேக்கும், நீங்கள் பகிர்ந்த மீமும் ஸ்டேட்டஸாக ஓட வேண்டிய அவசியம் இல்லை.

காசு வந்தால்

சமையல், பயணம், சினிமா விமர்சனம், கிரிக்கெட் அலசல் என்று சேனல் நடத்தும் ஆசிரியர்கள் இப்போது நிறைய. அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் வேறு தொழிலோ வேலையோ செய்யக் கூடாது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு, பள்ளி வேலை கெடாத வரை, விதி இடம் கொடுக்கிறது. திருவிழாவில் ஓர் இரவு கூத்து ஆடுவதற்கும், விளம்பரப் பணம் மாதா மாதம் வங்கியில் ஏறும் சேனலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பணம் வரத் தொடங்கும் முன்பே ஹெச்.எம். வழியாக எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள். கணக்கு மாமனார் பெயரில் இருந்தாலும் திரையில் தெரிவது உங்கள் முகம்.

பிள்ளைகளின் முகம் உங்களுடையது இல்லை

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, புதுப் பாட்டுக்கு ஆடவைத்து, ரீல்ஸ் போடுகிறோம். ஆண்டு விழாவில் ஆடுவது வேறு. அது பெற்றோர் எதிரில் நடந்து அன்றோடு முடிகிறது. ரீல்ஸ் முடிவதே இல்லை. எட்டு வயதில் ஆடிய ஆட்டத்துக்கு அந்தப் பெண் பதினைந்து வயதில் கேலிப் பேச்சு கேட்க நேரலாம். நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் உங்கள் ஃபோனுக்குப் பொருந்துமா என்ற ஆராய்ச்சிக்கே போக வேண்டாம். ஆசிரியர் "வா, ஆடு" என்றால் 'மாட்டேன்' என்று சொல்லும் துணிச்சல் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? சொல்ல முடியாதவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

ஊரும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது

எல்லாப் பாரத்தையும் ஆசிரியர் தலையிலேயே ஏற்றுவது நியாயமில்லை. வேலை கேட்கக் கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆசிரியை தியேட்டருக்குப் போனார், கல்யாண வீட்டில் ஆடினார், சுற்றுலாவில் ஜீன்ஸ் போட்டிருந்தார் என்பதெல்லாம் புகார் ஆகாது. ஆண் வாத்தியார் கிரிக்கெட் ஜெர்சியோடு டீக்கடையில் நின்றால் யாரும் ஃபோட்டோ எடுப்பதில்லை. ஒரு டீச்சர் சிரித்தபடி நிற்கும் படம் மட்டும் ஊர்க் குழுவில் சுற்றுகிறது. கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை இன்ஸ்டாகிராமில் வைத்திருந்த நீச்சல் உடைப் படங்களை மாணவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய அப்பா நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். பேராசிரியை வேலையை விட்டார். வற்புறுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்று அவர் 2022-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவராகவே விலகினார் என்றது நிர்வாகம்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அது ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசும் முன் பெற்றோர் ஒன்றை யோசிக்கலாம்: இதனால் என் பிள்ளையின் படிப்போ பாதுகாப்போ கெடுகிறதா? கெடுகிறது என்றால் கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

ரசனை வகுப்புக்குள் வரலாமா?

வரலாம்; பாடமாக வந்தால் மிகவும் நல்லது. கிரிக்கெட் பைத்தியமான ஒரு கணக்கு டீச்சர் ஆறாம் வகுப்பில் இப்படிக் கேட்கலாம்: "நம்ம டீம் 16.4 ஓவர்ல 150 ரன். ஓவருக்கு எத்தனை?" பிள்ளைகள் 150-ஐ 16.4-ஆல் வகுக்கப் போவார்கள், 9.15 என்று வரும். "தப்பு" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே நிமிரும். கிரிக்கெட்டில் 16.4 என்பது பதினாறு ஓவரும் நாலு பந்தும். அதாவது 100 பந்து. நூறு பந்தில் 150 என்றால் ஆறு பந்தில் 9. தசமப் புள்ளி எல்லா இடத்திலும் பத்தில் ஒரு பங்கைக் குறிக்காது என்பதை அந்தப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். புத்தகத்தை மட்டும் நம்பும் ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்றுவது கடினம்.

ரசிகராக இருந்து பார்த்தவருக்கு ரசிகப் பிள்ளையின் மனசும் தெரியும். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று மாணவிகள் 2024 ஜனவரியில் பி.டி.எஸ். பாட்டுக் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்குக் கப்பல் ஏறலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, பிறகு காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். அப்படி ஒரு ஆசை உள்ளே வளர்வதைத் திட்டாமல் காதுகொடுத்துக் கேட்க, தானும் ஒரு காலத்தில் கட்அவுட் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்த டீச்சரால் முடியும். ஒரே ஒரு எச்சரிக்கை: வகுப்பில் எதிரணி ரசிகனும் உட்கார்ந்திருக்கிறான். அவன் நடிகரை நீங்கள் கிண்டல் செய்தால், மறுநாள் அவனுக்கு நியாயமாகவே மதிப்பெண் குறைந்தாலும் அவன் அதை நியாயம் என்று நம்ப மாட்டான்.

திங்கட்கிழமை காலை

மாநாட்டுக்கு மறுநாள், 2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை. இந்த நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கேட்கக்கூடிய முதல் கேள்வி: "சார், நீங்க போனீங்களா?" இன்னொரு கட்சி, இன்னொரு மாநாடு வரும்போது இன்னொரு வகுப்பும் இதையே கேட்கும். அதட்டி உட்காரவைக்க வேண்டியதில்லை. பொய் சொல்லவும் வேண்டியதில்லை. ஆசிரியர் ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று வெளிக்காட்டக் கூடாது என்பது நடத்தை விதியிலேயே இருக்கிறது. அதைப் பிள்ளைக்குப் புரியும் பேச்சில் சொன்னால் அதுவே ஒரு குடிமையியல் பாடம்:

"எனக்குப் பிடிச்ச நடிகர் யாருன்னு கேளு, சொல்றேன். எந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன்னும் சொல்றேன். ஓட்டு யாருக்குன்னு மட்டும் கேட்காத. அது எனக்கு மட்டும் தெரிஞ்சது. உனக்குப் பதினெட்டு வயசு ஆகும்போது, உனக்கு மட்டும் தெரிஞ்சதா அப்படி ஒண்ணு கிடைக்கும். இப்ப நோட்டை எடு."